ஏணியை வெளியே இழுத்தவள்

எனது பெயர் ஜெபகனி. வயது முப்பத்து நான்கு. காலஞ்சென்ற ஞானசீலனின் மனைவி. வட ஆற்காடு மாவட்டம், ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் சர்ச் தெருவில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். பாலாற்றுப் பக்கம் உள்ள டேனரியில் தோல் உலர்த்தும் பகுதியில் வேலை செய்து வருகிறேன். இன்று 23.07.1983 சனிக்கிழமை காலை நான் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, ஆய்வாளர் அவர்கள் கேட்க, நான் சொல்ல, ரைட்டர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலம் இது. என்னை யாரும் மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன்.

என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் கணவரின் உடன்பிறந்த தம்பி ஜெபராஜ். அவரும் அதே டேனரியில் வேலை செய்பவர். கடந்த 18ஆம் தேதி திங்கட்கிழமை கழிவுத் தொட்டிக்குள் என் கணவர் விழுந்து கிடந்தபோது, அவரைத் தூக்கப் போனவர்களை நான் தடுத்ததாகவும், உள்ளே இருந்த ஏணியை வெளியே இழுத்துப் போட்டதாகவும், அதனால்தான் அவர் இறந்ததாகவும் புகாரில் உள்ளது. ஏணியை இழுத்தது நான்தான். அதை மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்பதால் சொல்கிறேன்.

எனக்கும் என் கணவருக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டார்கள். மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அவர் சொல்வார், அப்படியென்றால் நாளைக்கு நீயே வை என்று நான் சொல்வேன். அதற்கு மேல் எங்களுக்குள் விரோதம் கிடையாது. கல்யாணமாகி பதின்மூன்று வருடம். டோரதி என்று ஒரே பெண், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். என் கணவர் பயந்த சுபாவம் உள்ளவர். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் லைனைத் தாண்டுவார். பஸ் நின்று, கண்டக்டர் இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் ஏறுவார் என்று நான் கேலி செய்வேன். முள் உள்ள மீனை டோரதிக்கு அவர்தான் ஆய்ந்து கொடுப்பார், என்னை நம்பமாட்டார். அந்தப் பயம் எனக்குப் பிடிக்கும். வீட்டுக்கு ஒழுங்காகத் திரும்பி வருகிற மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

மேற்படி கழிவுத் தொட்டி டேனரியின் பின்பக்கம் தரைக்கு அடியில் உள்ளது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஆழம். சதுரமான வாய், மேலே பலகை போட்டு மூடியிருக்கும். சுண்ணாம்புத் தண்ணீர், ரசாயனத் தண்ணீர், முடி, சதை எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். பண்டிகை விடுமுறைக்கு டேனரியை மூடினால், திரும்பத் திறக்கிற அன்று யாராவது உள்ளே இறங்கி அடைப்பு எடுக்கவேண்டும். சவுக்குக் கழியில் செய்த ஏணி ஒன்று இதற்கென்று இருக்கிறது. இறங்குகிற வேலை ஆண்களுடையது.

தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் ஓர் ஆணியில் கம்பியில் கோத்த பச்சைக் கண்ணாடி வளையல்கள் தொங்கியதைப் பார்த்து, இது என்ன என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். அது அங்கே உள்ள ஆண்கள் வைத்துக்கொண்ட வழக்கம். விடுமுறைக்குப் பிறகு முதலில் இறங்குகிறவருக்கு மற்றவர்கள் சேர்ந்து மதியம் பிரியாணி வாங்கித் தரவேண்டும். இறங்கமாட்டேன் என்று பின்வாங்குகிறவர் சாயங்காலம் வரை அந்த வளையல்களைப் போட்டுக்கொண்டு வேலை செய்யவேண்டும். வளையல்களை வேலூர் லாங் பஜாரிலிருந்து வாங்கி வந்து மாட்டியவர் சர்தார் பாஷா என்பவர். நல்ல மனிதர், விளையாட்டுக்காகத்தான் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் நாங்களும் சிரித்திருக்கிறோம்.

போன வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திறந்தபோது என் கணவருடைய முறை வந்தது. வாடை சரியில்லை, நாளைக்கு இறங்குகிறேன் என்று அவர் சொன்னார். வளையலை எடுத்து அவர் கையில் மாட்டிவிட்டவர் ஜெபராஜ். இதை அவர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்குள் உள்ள உரிமையில் மாட்டினார், என் கணவரும் கையை நீட்டிக் கொடுத்தார், எங்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டிக்கூடக் காட்டினார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். மறுநாள் அவர் பெயரைச் சொல்லாமல் எவரும் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை என்பதும், அவர் அதையெல்லாம் காதில் வாங்காதவர்போல நடந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அதன் பிறகு தொட்டிப் பேச்சு வந்தால் அவர் வேறு பேச்சை எடுத்துவிடுவார்.

பெண்கள் யாரும் அந்தத் தொட்டியில் இறங்கியது கிடையாதா என்று கேட்டார்கள். ஒருமுறை ஆள் கம்மியாக இருந்ததால், உலர்த்துகிற பெண்களை இறங்கி வாரச் சொல்லி மேஸ்திரி ஜார்ஜ் கேட்டார். நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம். முதலில் முடியாது என்றவர் அக்தரி பேகம். இவர் மேலே சொன்ன சர்தார் பாஷாவின் அக்கா, என் பக்கத்துக் கொடியில் தோல் உலர்த்துபவர். அவர் சொன்னதும் எல்லோரும் முடியாது என்றோம். மேஸ்திரி எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒவ்வொருத்தியும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்போம், வேலை போய்விடுமே என்ற பயம் அப்படி. கூட்டமாக இருந்ததால் வாய் வந்தது. பொம்பளைங்க, பயப்படுவாங்க என்று சொல்லி மேஸ்திரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். எங்களுக்கு யாரும் வளையல் மாட்டவில்லை. ஏற்கெனவே போட்டிருக்கிறோம் அல்லவா.

ஆண்களுக்கு இது தலைகீழ். சர்தார் பாஷா தன் அக்காவிடம், தொட்டி வேலை எனக்கு வேண்டாம், ஷூ கம்பெனியில் சொல்லி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். என் கணவரும் தனக்குப் பயம் என்று முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறார். ரஃபி அகமது என்பவரின் வீட்டுக்காரியும், தொட்டி நாளில் அவர் காலையில் சாப்பிடாமலே வருவதாக எங்களிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் தனித்தனியாக எல்லோருக்கும் பயம் இருந்தது. டேனரியில் ஒன்றாக நின்றால் ஒருத்தருக்கும் இருந்ததில்லை. பயப்படுவதற்கு எங்களுக்கு அங்கே அனுமதி இருந்தது, அவர்களுக்கு இல்லை. இப்போது உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் எனக்கு இது இப்படிச் சொல்ல வருகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆணியை அடித்த கையோடு பிடுங்கியிருப்பேன்.

சம்பவ தினத்தன்று, ரம்ஜான் விடுமுறை முடிந்து டேனரியைத் திறந்தார்கள். காலையில் நானும் என் கணவரும் டோரதியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒன்றாக நடந்தே போனோம். அன்று முறை சர்தார் பாஷாவுடையது. பலகையை அப்போதுதான் எடுத்தார்கள். அழுகிய முட்டை வாடை நாங்கள் நின்ற கொடி வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் திறந்து போடலாம் என்று யாரும் சொன்னதாக எனக்குக் காதில் விழவில்லை. சர்தார் பாஷா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரியாணிக்கு இப்போதே சொல்லி வையுங்கள் என்று சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். அவர் தலை மறைவதை நான் பார்த்தேன். அதன் பிறகு தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கத்தல் கேட்கவில்லை. வழுக்கி விழுகிறவன் கத்துவான். அவர் கத்தாமல் விழுந்தார்.

தொட்டியைச் சுற்றி என் கணவர், ஜெபராஜ், ரஃபி அகமது, இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் சர்தார், சர்தார் என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. நானும் அக்தரி பேகமும் கையில் இருந்த தோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தோம். அப்போது ரஃபி அகமது என் கணவரிடம், நீ போறியா, நான் போவட்டா என்று கேட்டார். அதில் கேலி எதுவும் இல்லை. நான் வந்துகொண்டிருந்ததால் என் கணவரின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தூணில் இருந்த ஆணியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் போறேன், நவுருங்க என்றார். அவர் பேசியதில் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

என்னங்க வேணாம் என்று நான் கத்தினேன். அதற்குள் அவர் ஏணியில் கால் வைத்துவிட்டார். பாதி இறங்கும்போதே அவர் கை ஏணியை விட்டது. அவரும் கத்தவில்லை.

அதன் பிறகு மேலே நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் நான் பார்த்தேன். இரண்டு பேர் விழுந்ததை அவர்களும் கண்ணால் பார்த்தவர்கள்தான். பார்த்த பிறகும் அடுத்தவர் இறங்குவதற்குள் தான் இறங்கிவிடவேண்டும் என்று ஆளுக்கு ஆள் முந்தினார்கள். இருங்கள், கயிறு கொண்டு வரலாம் என்று ஒருத்தராவது சொல்லியிருந்தால் மற்ற எல்லோரும் நின்றிருப்பார்கள் என்று இப்போதும் நம்புகிறேன். அந்த வார்த்தையைச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஜெபராஜ்தான் முன்னால் இருந்தார். அவர் கால் ஏணியின் முதல் படியைத் தேடிக்கொண்டிருந்தது. நான் அவர் பனியனைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், அவர் சறுக்கி உட்கார்ந்தார். அந்த இடைவெளியில் ஏணியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன்.

நான் ஒருத்தி இழுக்கக்கூடிய ஏணி இல்லை அது. மறுபக்கம் பிடித்தவர் அக்தரி பேகம். அவரே நேற்று இங்கு வந்து சொல்லிவிட்டதாகத் தெரிந்ததால் அவர் பெயரைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன். அவருடைய தம்பியும் உள்ளேதான் கிடந்தார். சின்ன வயதில் தாய் செத்து, இவர் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பாதி இழுத்ததும் நான் இழுப்பதை நிறுத்திவிட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இழு ஜெபா. போனவங்க போதும்.”

இழுத்தோம். ஏணி வெளியே வந்ததும் எங்களோடு ஓடிவந்த பெண்கள் அதைப் பிடுங்கித் தூரப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒருத்தி உட்கார்ந்தாள், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ரஃபி அகமதுவும் மற்ற இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தரையில் குந்தி அழ ஆரம்பித்தார். ஏணி போன பிறகு அவர்களுக்கு நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேஸ்திரி ஜார்ஜ் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய ஆபீஸ் அறைக்கு ஓடினார்.

ஜெபராஜ் மட்டும் நிற்கவில்லை. ஏணி இல்லாமலே குதிக்கப் போனார். நான் விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன். கொழுந்தனாரின் காலைத் தொட்டுப் பிடிப்பது முறையில்லை என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வருடமாக என்னை அண்ணி என்று அழைத்து, என் முன்னால் பீடிகூடக் குடிக்காதவர் அவர். அன்று என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார், முதுகில் உதைத்தார். காயம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, காட்ட விருப்பமில்லை, அதற்கு நான் புகார் கொடுக்கவும் இல்லை. அப்போது அவர் சொன்னதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

“உள்ள கெடக்கறது உன் புருஷன்டி. உனக்கு இன்னா, கல்லா மனசு?”

தெரியுது தம்பி, நீ போவாதே என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். அதற்குள் மற்றப் பெண்கள் வந்து அவர் கையையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டார்கள்.

ஏணியை எடுத்தபோது என் கணவர் உயிரோடு இருந்தார் என்றும், அவர் கை அசைந்ததைத் தான் பார்த்ததாகவும் ஜெபராஜ் புகாரில் சொல்லியிருக்கிறார். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். காலைக் கட்டிக்கொண்டு கிடந்த இடத்திலிருந்து எனக்கும் உள்ளே தெரிந்தது. தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. அதோடு சேர்ந்து கையும் அசைந்தது. தண்ணீர் அசைந்ததால் கை அசைந்ததா, கை அசைந்ததால் தண்ணீர் அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த விஷக்காற்றில் விழுந்த சில நிமிடங்களிலேயே இருவருக்கும் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஆய்வாளர் அவர்கள் சொன்னார்கள். சில நிமிடம் என்றால் எத்தனை என்று கேட்டேன். ஏணியை இழுத்தபோது அதன் கனம் தவிர வேறு கனம் இல்லை. அவர் பிடித்திருந்தால் என் கைக்குத் தெரிந்திருக்கும். அதை நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அதன் பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். வாடை போவதற்குக் காற்று அடித்து, மேலே நான்கு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் இறங்கினார். அவரும் ஆண்தான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு இருந்தது, அதற்காக அவருக்கு யாரும் வளையல் போடமாட்டார்கள். முதலில் என் கணவரைத் தூக்கினார்கள். அவர் விரல்கள் சர்தார் பாஷாவின் சட்டையைப் பிடித்தபடி இருந்ததால் பிரித்தெடுக்கவேண்டியிருந்தது. பயந்தவர் என்று நான் சொன்ன மனிதர் விழுந்த பிறகும் அவரைத் தேடிப் பிடித்திருக்கிறார். தூணுக்குக் கீழே அவருடைய செருப்பு இருந்தது. அவ்வளவு அவசரத்திலும் அதைச் சோடியாக, ஓரமாக, யார் காலிலும் தட்டாதபடி கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. என்னை முன்னால் வரவிடவில்லை. சர்ச் ஐயர் சொல்லிப் பார்த்தும் என் மாமியார் கேட்கவில்லை. நான் காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்றேன். அக்தரி பேகம் தன் தம்பியின் சாவு வீட்டிலிருந்து புர்காவோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அவரையும் அவருடைய ஜனங்கள் பேசுகிற பேச்சு தாங்கமுடியவில்லை என்றார்.

டோரதி இப்போது ஜெபராஜ் வீட்டில் இருக்கிறாள். அழைத்துக்கொண்டு வரப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து, அப்பா உள்ளே இருக்கும்போது ஏணியை ஏம்மா எடுத்தே என்று கேட்டாள். அவள் வெளியே வரவில்லை, நானும் பிடித்து இழுக்கவில்லை. ஜெபராஜ் வாசலில் நின்று என்னைத் திட்டினார். தெருவே கூடிவிட்டது. திட்டும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டட்டும். புகாரும் கொடுக்கட்டும். அவர் கையெழுத்துப் போட்ட புகாரை ஆய்வாளர் அவர்கள் காட்டியபோது, அந்த மை இன்னும் புதுசாக இருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அங்கே நின்ற ஆண்கள் தங்கள் உயிரைக் கொடுக்கத் துணிந்தார்கள், நீ எதற்குத் துணிந்தாய் என்று என் மாமியார் கேட்டனுப்பினார். அவர்கள் துணிந்தது தங்கள் உயிரைக் கொடுக்க. நான் துணிந்தது என் கணவரின் உயிரைக் கொடுக்க. எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும். அந்த ஒரு நிமிடம் திரும்ப வந்தால் என்ன செய்வாய் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் வேறு பதில் வருகிறது.

நான் சொன்னதை ரைட்டர் எனக்குப் படித்துக் காட்டினார். வயதில் பெரியவர், எனக்கு நல்லது செய்யவேண்டும் என்றுதான் ஓரிடத்தில், பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஏணியை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அப்படியே இருக்கட்டும்மா, கேஸ் நிற்காது, பிள்ளை உன்னிடம் வந்துவிடும் என்றார். பயத்தில் என்பது சரி, நான் பயந்தேன், அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தெரியாமல் என்பதை அடிக்கச் சொன்னேன். டோரதி ஒருநாள் இதைப் படிப்பாள். அவள் அப்பா உள்ளே இருக்கிறார் என்பது தெரிந்தும், அவர் உயிரோடு இருக்கலாம் என்பது தெரிந்தும், அவள் சித்தப்பா சாகக்கூடாது என்றுதான் எடுத்தேன்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது, உண்மையானது. அந்த ஒரு வார்த்தையை அடித்த இடத்தில் ஓரத்தில் தனியாகவும், கீழே முழுதாகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ஞா. ஜெபகனி
ஆம்பூர், 23.07.1983